நூற்றில் ஒரு பங்கு போதும்

புல்மோட்டையிலும், வடக்கே கொக்கிளாய்ப் பக்கத்திலும், தெற்கே குச்சவெளிப் பக்கத்திலும் வயல் வேலை செய்கிறவர்களுக்குக் கண்ணாடி விரியனைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அது தீண்டியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் அங்கே செய்யும் முக்கியமான சோதனைகளில் ஒன்று மிக எளியது. நாளத்திலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு குழாயை ஒரு தடவை சரித்துப் பார்க்கிறார்கள். இரத்தம் கட்டியாகி நின்றால் நிம்மதி. தண்ணீராக வழிந்தால் நஞ்சு உடலெங்கும் வேலை செய்துவிட்டது என்று பொருள். உடனே நஞ்சுமுறி மருந்து ஏற்ற வேண்டும்.

பாம்பு தீண்டாத உடலிலும் இரத்தம் உறைய மறுப்பதுண்டு. நாய் வளர்ப்பவர்கள் சிலருக்கு அது விளங்காத புதிராக வந்து நிற்கும். நான்கு மாதக் குட்டிக்குப் பால்பல் விழுகிறது. முரசிலிருந்து கசியும் இரத்தம் நாள்கணக்கில் நிற்பதில்லை. தடுப்பூசி போட்ட இடம் உருண்டையாக வீங்கி, சூடாகி, தொட்டால் குட்டி கத்துகிறது. இந்த வாரம் முன்னங்காலை நொண்டுகிறது, அடுத்த வாரம் பின்னங்காலை. எங்கும் அடிபட்ட அடையாளம் இல்லை. பாம்பும் இல்லை, காயமும் இல்லை என்றால் இரத்தம் ஏன் நிற்கவில்லை?

நம் பக்கத்தில் மிருக வைத்தியர் முதலில் சந்தேகிப்பது வேறு இரண்டு காரணங்களை. ஒன்று உண்ணி. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா என்ற கிருமி, குருதிச் சிறுதட்டுகள் எனப்படும் நுண்ணிய துணிக்கைகளைக் குறைத்துவிடும். அப்போது மூக்கால் இரத்தம் வரும். வயிற்றுத் தோலில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். மற்றது எலி மருந்து. பலவகை எலி மருந்துகள், ஈரல் விற்றமின் கே-யைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. அதனால் உறைதலுக்கு வேண்டிய சில புரதங்கள் பாதியில் நின்றுபோகின்றன. முதலாவதற்கு டொக்சிசைக்ளின் இருக்கிறது, இரண்டாவதற்கு விற்றமின் கே1 இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் நாய் தேறிவிடும். இரண்டும் இல்லையென்று உறுதியான பிறகுதான் மூன்றாவது காரணத்துக்கு வர வேண்டும். அது நாயோடு கூடவே பிறந்தது.

அதை விளங்கிக்கொள்ள, இரத்தம் உறைவது எப்படி என்று பார்க்க வேண்டும். புல்மோட்டைக் கரையில் தோணி வந்து சேரும்போது, கடலுக்கும் ஐஸ் லொறிக்கும் இடையில் ஆட்கள் வரிசையாக நின்று மீன் பெட்டிகளைக் கைக்குக் கை மாற்றுவதை நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் பெட்டியை வாங்கினால்தான் அடுத்தவருக்கு வேலை. நடுவில் ஒருவர் வராவிட்டால் அவருக்கு முன்னால் நிற்பவர்கள் எவ்வளவு பலசாலிகளாக இருந்தாலும் பெட்டி லொறிக்குப் போய்ச் சேராது. இரத்தத்திலும் அப்படியொரு வரிசை இருக்கிறது. உறைதல் காரணிகள் என்று பெயர்; பெரும்பாலும் புரதங்கள்; ரோமன் எண்களால் குறிக்கப்படுகின்றன. ஒரு காரணி தூண்டப்பட்டதும் அடுத்ததைத் தூண்டுகிறது. கடைசியில் ஃபைபிரின் என்ற இழைகள் பின்னிக்கொண்டு காயத்தை அடைக்கின்றன. வரிசை நீண்டிருப்பதால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு மூலக்கூறு அடுத்த படியில் பல மூலக்கூறுகளைத் தூண்டுவதால், தொடக்கத்தில் மிகச் சிறிய அளவு இருந்தாலும் முடிவில் பெரும் விளைவு கிடைக்கிறது. இந்தப் பெருக்கம்தான் பின்னால் வரப்போகும் சிகிச்சைக்கு அடிப்படை.

(சோதனைக் குழாய் ஏன் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கண்ணாடியின் மேற்பரப்பு பன்னிரண்டாம் காரணியைத் தூண்டி வரிசையைத் தொடக்கி வைக்கிறது. பிளாஸ்டிக் குழாய் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. நல்ல இரத்தம்கூட உறையாததுபோலத் தெரியும்.)

எட்டாம் காரணி பிறவியிலேயே இல்லாவிட்டால், அல்லது கெட்டுப்போயிருந்தால், அது ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் காரணி என்றால் ஹீமோபிலியா பி. தமிழில் குருதியுறையாமை நோய் என்கிறோம். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றேதான். வெவ்வேறு நோய்கள் என்று தெரிய நெடுங்காலம் பிடித்தது. 1940களில் புவெனஸ் அயர்சில் அல்ஃபிரெடோ பவ்லோவ்ஸ்கி என்ற வைத்தியர் ஒரு விந்தையைக் கவனித்தார். குருதியுறையாமை உள்ள ஒருவரின் இரத்தத்தை அதே நோயுள்ள இன்னொருவரின் இரத்தத்தோடு கலந்தபோது இரண்டும் சேர்ந்து உறைந்தன. இருவருக்கும் குறைவது ஒரே பொருள் என்றால் அப்படி நடக்க வாய்ப்பே இல்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்திருக்க வேண்டும். 1952 டிசம்பரில், ஒக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரோஸ்மேரி பிக்ஸ், ஆர். ஜி. மக்ஃபார்லேன் முதலியோர் இந்த இரண்டாம் வகையை விரிவாக எழுதினார்கள். அவர்கள் பரிசோதித்த சிறுவனின் பெயர் ஸ்டீஃபன் கிறிஸ்மஸ். அதனால் ஹீமோபிலியா பி-க்குக் கிறிஸ்மஸ் நோய் என்ற பெயரும் வந்தது.

இந்த மக்ஃபார்லேனை நம் வயலோரத்துப் பாம்போடு சேர்த்தே நினைக்க வேண்டும். 1934இல் அவரும் பர்னெட்டும் கண்ணாடி விரியன் நஞ்சை மிக நீர்த்த கரைசலாக்கி, குருதியுறையாமை நோயாளிகளின் காயத்தில் வெளிப்பூச்சாக இட்டுப் பார்த்தார்கள். இரத்தம் நின்றது! அந்த நஞ்சு எட்டையும் ஒன்பதையும் தாண்டி நேராகப் பத்தாம் காரணியைத் தூண்டுகிறது; அதனால் அவை இல்லாத இரத்தமும் உறைகிறது. கடிபட்ட உடலில் அதே நஞ்சு இரத்தவோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வரிசையைத் தூண்டிவிட்டு இருக்கிற காரணிகளையெல்லாம் தீர்த்துவிடுகிறது. பிறகு காயத்துக்கு மிச்சம் இல்லை. உறையவைக்கும் நஞ்சு இரத்தப்போக்கை உண்டாக்குவது இப்படித்தான். 1964இல் உறைதல் காரணிகளின் படிமுறையை வகுத்து எழுதியவர்களில் ஒருவரும் இதே மக்ஃபார்லேன்தான்.

எட்டு, ஒன்பது ஆகிய இரண்டு காரணிகளுக்குமான மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. மனிதரிலும் நாயிலும் அப்படியே. பெட்டை நாய்க்கு எக்ஸ் இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும். ஆண் நாய்க்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது கெட்டால் மாற்று இல்லை. ஆகவே நோய் ஆண் குட்டிகளில் தெரிகிறது, தாய் அதைச் சுமந்துகொண்டு நலமாகவே திரிகிறது. அத்தகைய தாயின் ஆண் குட்டி ஒவ்வொன்றுக்கும் நோய் வர அரைக்கரைவாசி வாய்ப்பு உண்டு. நோயுள்ள ஆண் நாய் உயிர்பிழைத்து இனப்பெருக்கம் செய்தாலோ, அதன் பெட்டைக் குட்டிகள் அத்தனையும் நோயைக் காவும். ஐரோப்பாவின் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களில் ஹீமோபிலியா ஏ பரவியது இந்த வழியில்தான். 1968இல் பிறந்த, கண்காட்சிகளில் பெயர்பெற்ற காண்டோ ஃபொன் டெர் வீனராவ் என்ற ஆண் நாய்க்கு இந்த நோய் இருந்தது தெரியாமல், அழகுக்காக அதைப் பல பெட்டைகளோடு சேர்த்தார்கள். வம்சாவளிகளைப் பின்தொடர்ந்தவர்கள் அதனிடம்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே அழகை விரும்பி நெருங்கிய இரத்தத்தில் கலக்கும் வழக்கம் நாய்க்கு இழைத்த தீங்கு சிறியதன்று. ஊர் நாய்களுக்கும் இந்த நோய் வரலாம். மரபணுவில் புதிதாகப் பிழை நேர்வதைக் கலப்பினம் தடுக்காது.

நோய் நாயிலும் மனிதரிலும் ஒன்றாக இருந்ததால் ஆராய்ச்சியின் சுமை நாயின் முதுகில் ஏறியது. 1947இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கென்னத் பிரிங்கஸ், குருதியுறையாமை உள்ள ஐரிஷ் செட்டர் இன நாய்களை வளர்க்கத் தொடங்கினார். நல்ல நாயின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் திரவப்பகுதியை, ஏற்றினால் அவற்றின் இரத்தப்போக்கு நிற்கிறது என்பது அங்கே உறுதியானது. 1960களின் பிற்பகுதியில், இத்தகைய நாய்களுக்கு ஆரோக்கியமான ஈரலைப் பொருத்தியபோது நோயே தணிந்தது. காரணிகள் உருவாகும் இடம் ஈரல் என்பதற்கு அது வலுவான சான்று. அந்த நாய்கள் வலியோடு வாழ்ந்தவை; மூட்டுக்குள் இரத்தம் தேங்கும் வேதனை அவற்றுக்கும் மனிதருக்கும் ஒன்றுதான். இன்று குருதியுறையாமை உள்ள பிள்ளை ஒன்று பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிறது என்றால், அந்தக் கடனில் பெரும்பங்கு அந்த நாய்களுக்கு உரியது.

பிளாஸ்மாவிலோ ஊசி மருந்திலோ கொடுக்கும் காரணி சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் கரைந்துவிடும். திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உடலே அதைத் தயாரிக்கும்படி செய்ய முடிந்தால்? கெட்டுப்போன மரபணுவைத் திருத்தக்கூட வேண்டாம். நல்ல பிரதி ஒன்றை ஈரல் கலங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். இதுதான் மரபணுச் சிகிச்சை.

பரம்பரை நோய்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, அறிஞர்கள் குருதியுறையாமையைத் தேர்ந்ததற்கு அளவுதான் காரணம். ஆரோக்கியமான இரத்தத்தில் உள்ள காரணியை 100 என்று வைத்தால், ஒன்றுக்கும் குறைவாக இருப்பவருக்குக் கடுமையான நோய்; காரணமே இல்லாமல் மூட்டில் இரத்தம் கசியும். ஒன்றிலிருந்து ஐந்து வரை நடுத்தரம். ஐந்துக்கு மேலே போனால் இலேசான நோய். அறுவைச் சிகிச்சையோ பெரிய விபத்தோ நேர்ந்தால்தான் தெரியும். நூற்றில் ஓரிரண்டு பங்கு கூடினாலே வாழ்க்கை மாறிவிடும். இவ்வளவு சிறிய வெற்றிக்கு இவ்வளவு பெரிய பலன் தரும் நோய்கள் அதிகமில்லை. தவிர, காரணி எந்தக் கலத்தில் உருவானாலும் இரத்தத்தில் வந்து கலந்தால் போதும். வெற்றியை அளப்பதும் எளிது. ஒரு துளி இரத்தம் பதில் சொல்லிவிடும்.

மரபணுவை ஈரலுக்குள் கொண்டுபோக ஒரு காவி வேண்டும். கலத்துக்குள் நுழைவதில் வைரசுகளுக்கு நிகர் எதுவும் இல்லை. 1965இல், அடினோ வைரசு மாதிரிகளில் கலந்திருந்த ஒரு மிகச் சிறிய வைரசு கண்டுபிடிக்கப்பட்டது. தனியாகப் பெருகத் தெரியாதது; எந்த நோயையும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. அடினோத் துணை வைரசு, சுருக்கமாக ஏஏவி. அதன் சொந்த மரபணுக்களை அகற்றிவிட்டு உறைக்குள் காரணியின் மரபணுவை வைத்து நாளத்தில் ஏற்றினால், அது ஈரல் கலங்களைத் தேடிப் போய் இறக்கிவிடும். இடம்தான் சிக்கல். ஏஏவி ஏறத்தாழ 4,700 எழுத்துகள் நீளமுள்ள டிஎன்ஏயை மட்டுமே சுமக்கும். ஒன்பதாம் காரணிக்கு 1,400 எழுத்துகள் போதும், எளிதாக அடங்கும். எட்டாம் காரணிக்கு ஏறத்தாழ 7,000 வேண்டும். நல்ல காலமாக, அதன் நடுவில் உள்ள பெரிய துண்டு ஒன்று உறைதலுக்குத் தேவையில்லை என்று தெரியவந்தது. அதை நீக்கினால் சுமார் 4,400; இறுக்கமாகவென்றாலும் ஏறிவிடும். டோபர்மன் நாய்களில் அதிகம் காணப்படும் வொன் வில்லிபிராண்ட் நோய்க்கு இத்தகைய சிகிச்சை எட்டாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அதற்கான மரபணு இதையும்விடப் பெரியது என்பதே.

1993இல் மார்க் கேயும் கூட்டாளிகளும், வேறொரு வகை வைரசைக் கொண்டு, ஹீமோபிலியா பி உள்ள நாய்களில் காரணியைச் சிறிதளவாவது நீண்ட காலம் சுரக்கச் செய்தார்கள். 1999இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஏஏவி மூலம் நாய்களில் நிலையான பலனைக் காட்டின. நம்பிக்கையோடு மனிதரிடம் வந்தார்கள். 2006இல் வெளியான முடிவு எல்லோரையும் நிறுத்தி யோசிக்க வைத்தது. ஒரு நோயாளிக்குக் காரணி 12 வீதத்துக்கு அருகில் ஏறி, சில வாரங்களில் மறைந்துபோனது. நாய்களில் இப்படி நடக்கவே இல்லை. மனிதர்கள் பலரும் சிறுவயதில் இந்த வைரசை இயற்கையாகவே சந்தித்திருக்கிறார்கள். உடலின் காவற்படைக்கு அந்த நினைவு இருக்கிறது. வைரசு உறையின் எச்சத்தைக் கண்டதும், மரபணுவை ஏற்றுக்கொண்ட ஈரல் கலங்களையே அது அழித்தது என்பதுதான் கண்டறிந்த விளக்கம். நாய் சொல்ல முடியாத ஒன்றை மனித உடல் சொன்னது. 2011இல் இலண்டனிலும் மெம்ஃபிசிலும் உள்ள ஆய்வாளர்கள், வேறு உறை கொண்ட ஏஏவி-8ஐப் பயன்படுத்தி, ஈரல் எரிச்சலுற்றபோது சில வாரம் ஸ்டீரொய்டு கொடுத்து, ஆறு நோயாளிகளில் 2 முதல் 11 வீதம் வரை நிலைநிறுத்தினார்கள்.

இவ்வளவும் ஆய்வுகூட நாய்களின் கதை. வீட்டு நாய்க்கு என்ன கிடைத்தது? 2016இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மேரி பெத் கலன், வால்டர் அருடா முதலியோர் ஓர் அரிய அனுபவத்தை வெளியிட்டார்கள். தனியார் வீடுகளில் வளர்ந்த, கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள இரண்டு நாய்களுக்கு ஏஏவி மூலம் எட்டாம் காரணியின் மரபணு ஏற்றப்பட்டது. அவற்றின் இரத்தத்தில் நிலைத்தது 1 முதல் 2 வீதம் மட்டுமே. ஆனால் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் இரத்தப்போக்குகளில் 90 வீதம் வராமல் போயின. முன்னால் சொன்ன பெருக்கத்தின் வலிமையை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

அந்தப் பலன் எவ்வளவு காலம் நிற்கும், பின்னால் கேடு எதுவும் வருமா என்பதற்கும் நாய்களே பதில் தந்தன. 2021இல் டெனிஸ் சபட்டினோவின் குழு, சிகிச்சை பெற்ற ஒன்பது நாய்களைப் பத்தாண்டு வரை கவனித்த முடிவை வெளியிட்டது. காரணி அளவு 1.9 முதல் 11.3 வீதம் வரை இருந்தது. இரண்டு நாய்களில் ஏறக்குறைய நான்கு ஆண்டுக்குப் பிறகு அளவு தானாகவே மெல்ல ஏறத் தொடங்கியது. பார்ப்பதற்கு நல்ல செய்தி. ஆய்வாளர்கள் மகிழாமல் ஏன் என்று தேடினார்கள். ஏஏவி கொண்டுவரும் மரபணு பெரும்பாலும் நிறமூர்த்தத்தில் ஒட்டாமல் தனியாகவே கிடக்கும். சிலவேளை ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒட்டிய இடம் கல வளர்ச்சியை நடத்தும் மரபணுவுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தக் கலம் மற்றவற்றைவிட அதிகமாகப் பெருகலாம். இந்த நாய்களில் அப்படிப் பெருகிய கலக் கூட்டங்கள் காணப்பட்டன. கட்டி எதுவும் உருவாகவில்லை, ஈரல் நன்றாகவே இயங்கியது. இருந்தாலும், சிகிச்சை பெற்ற மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்பதற்கு இந்த ஆய்வு தக்க காரணமாயிற்று.

மனிதருக்கான மருந்துகள் அதற்குள் வந்துவிட்டன. 2022 நவம்பரில் அமெரிக்கா ஹீமோபிலியா பி-க்கான ஹெம்ஜெனிக்சை அங்கீகரித்தது. அப்போதைய விலை 35 இலட்சம் டொலர். அந்த விலையைக் கேட்டதும் நம் நாடுகளின் நோயாளிகள் முகம் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான் என்று தோன்றும். தமிழ்நாட்டின் வேலூரில் நடந்திருப்பது அப்படித் திருப்பிக்கொள்ள வேண்டாம் என்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக அறிஞர்களோடு சேர்ந்து, வேறொரு வழியில் போனது. நோயாளியின் குருதி ஊற்றுக்கலங்களை வெளியே எடுத்து, லென்டி வைரசு என்னும் காவி மூலம் எட்டாம் காரணியின் மரபணுவைச் சேர்த்து, மறுபடியும் உடலில் ஏற்றினார்கள். இந்தக் காவி மரபணுவை நிறமூர்த்தத்திலேயே பதிப்பதால் கலம் பிரிந்தாலும் அது தொலையாது. ஏஏவிக்கு எதிரான எதிர்ப்புச்சக்தி முன்பே உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் சேர்த்த மரபணுவில் மனிதப் பகுதியோடு பன்றியின் பகுதியும் உண்டு. கலங்கள் அதை அதிகமாகச் சுரக்கின்றன. எலும்பு மச்சையைத் துடைத்து இடம் ஒதுக்கும் கடுமையான மருந்தை முதலில் ஏற்க வேண்டியிருப்பது இந்த வழியின் பெரிய சுமை. 2024 டிசம்பரில் வெளியான முடிவின்படி, சிகிச்சை பெற்ற ஐந்து பேருக்கும் கண்காணிப்புக் காலத்தில் இரத்தப்போக்கு வரவில்லை. அவர்களில் ஒருவருக்குக் காரணி அளவு 2 வீதத்தைக்கூடத் தொடவில்லை. அவருக்கும் இரத்தம் கசியவில்லை.

நாய்களுக்கு இப்படி விற்பனைக்கு வந்த மருந்து இல்லை. மனிதருக்கானதை அப்படியே ஏற்றவும் முடியாது. மனிதக் காரணி நாயின் உடலுக்கு அந்நியம். எதிர்ப்புச்சக்தி உருவாகி அதை அழித்துவிடும். நாயின் மரபணுவையே வைத்துத் தனியாகக் காவி தயாரிக்க வேண்டும். அந்தத் தொழில்நுட்பம் ஆய்வுகூடங்களில் ஆயத்தமாக இருக்கிறது. செலவிட ஆள் இல்லை. எழுபது ஆண்டுக்கு மேல் தன் உடலில் இந்த நோய்க்கான சிகிச்சைகளைச் சோதிக்க இடம்கொடுத்த உயிருக்கு மரபணுச் சிகிச்சையின் பலன் கிடைக்காமல் இருப்பது நியாயமன்று. மனிதருக்கான மருந்தில் இலாபம் காணும் நிறுவனங்கள் நாய்க்கான காவிக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கையன்று.

அதுவரைக்கும் செய்யக்கூடியவை உண்டு. குட்டிக்கு இந்தச் சந்தேகம் வந்தால், மிருக வைத்தியரிடம் தடுப்பூசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியைத் தசைக்குள் போடாமல், மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போட்டு, இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். வலிக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. நன்றாக இருக்கும் சிறுதட்டுகளின் வேலையையும் அது கெடுத்துவிடும். எந்தக் காரணி குறைவு என்று உறுதிசெய்ய ஆய்வுகூடம் வேண்டும். இலங்கையில் மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே இருக்கிறது. புல்மோட்டையிலிருந்து நெடும் பயணம், ஆகவே ஊர் மிருக வைத்தியரிடம் வழிகேட்டுப் போவது நல்லது. இரத்தம் நிற்காத வேளையில் ஆரோக்கியமான இன்னொரு நாயின் பிளாஸ்மா உயிர்காக்கும். நோய் உறுதியானால், அந்தக் குட்டியின் தாயையும் உடன்பிறந்த பெட்டைகளையும் கருத்தடை செய்துவிட வேண்டும். அவற்றின் உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும்.